ஸ்டே வயர் இழுவிசை: தட்டி எண்ணுவதா, கண்ணால் பார்ப்பதா, இழுத்து அளப்பதா?

டவர் சாயாமல் நிற்க அதைச் சுற்றித் தரையோடு இழுத்துக் கட்டும் கம்பிதான் ஸ்டே வயர். அப்படிக் கட்டிய டவரில் ஆய்வுக்குப் போனால், இழுவிசையை எதை வைத்து அளப்பது என்ற கேள்வி முதலிலேயே வந்துவிடும். வழக்கமான சோதனைக்கு என் தேர்வு தட்டி எண்ணும் முறைதான். எந்த வயரைத் திருத்த வேண்டும் என்று தெரிந்த பிறகே, இழுவிசையை நேராகக் காட்டும் கருவியான டைனமோமீட்டரை வெளியே எடுப்பேன்.

பேசுவதற்கு ஒரு வயரை எடுத்துக்கொள்வோம். 12.7 மி.மீ. தடிமன், ஏழு இழை, உயர்வலிமை எஃகு. மீட்டருக்கு 0.77 கிலோ எடை. அறும் வலிமை 12,200 கிலோ அளவு. பொதுவாக அறும் வலிமையில் 10 சதவீதம் அளவுக்கு இறுக்கி வைப்பார்கள் என்பதால் இதில் 1,220 கிலோ இருக்க வேண்டும். உங்கள் டவருக்கு உரிய எண், வெப்பநிலை வாரியாக அதன் வடிவமைப்பு அட்டவணையில் இருக்கும். அதைப் பார்க்காமல் எந்த வயரையும் தொடாதீர்கள்.

வயரின் கீழ் முனையைத் தரையில் பிடித்திருக்கும் ஆங்கர் பக்கத்தில் நின்று வயரை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால், அதிர்வு மேலே ஓடி டவரில் மோதித் திரும்பி வரும். வயரில் கையை வைத்திருந்தால் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் உள்ளங்கையில் சின்னதாக ஓர் உதை விழும். 80 மீட்டர் நீளமுள்ள நம் வயரில் பத்து உதைக்கு 12.8 நொடி ஆனால், இழுவிசை சுமார் 1,230 கிலோ. கணக்கு எளிது: வயரின் மொத்த எடையையும் நீளத்தையும் எண்ணிக்கையின் வர்க்கத்தையும் பெருக்கி, நொடியின் வர்க்கத்தாலும் 2.45 ஆலும் வகுக்க வேண்டும். எடை கிலோவில், நீளம் மீட்டரில்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. தட்டும்போது "சுழியம்" என்று சொல்ல வேண்டும். பலர் "ஒன்று" என்று தொடங்கிவிடுவார்கள். அப்போது "பத்து" என்று நிறுத்தும்போது கைக்கு வந்தது ஒன்பது உதைதான். வர்க்கம் எடுப்பதால் விடை 23 சதவீதம் கூடிவிடும். தளர்ந்த வயர் நல்ல வயராகக் கணக்கில் ஏறிவிடும். அதனால் நான் ஒரு வயரை மூன்று முறை எண்ணாமல் விடுவதில்லை. நடுவில் இன்சுலேட்டர் கோத்த வயருக்கு இந்த முறை சரிப்படாது. இன்சுலேட்டரில் அதிர்வு உடைந்து பாதியிலேயே திரும்புவதால் எண்ணிக்கை குழம்பும்.

அடுத்தது தொய்வைப் பார்க்கும் முறை. ஆங்கர் முனையில் வயர் போகும் திசையிலேயே நேர்கோடாகக் கண்ணை ஓட்டி, அந்தக் கோடு டவரைத் தொடும் இடம் வயர் கட்டிய இடத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் வயர் 55 மீட்டர் உயரத்தில் கட்டியிருந்தால் இந்த இறக்கம் 2 மீட்டர் அளவு வரும். பார்வை 10 செ.மீ. பிசகினாலும் தவறு 5 சதவீதம்தான். அதே சாய்வில், அதே இழுவிசையில் 30 மீட்டர் வயர் என்றால் இறக்கமே 28 செ.மீ. தான். அங்கே 10 செ.மீ. பிசகினால் அளந்ததற்கே பொருள் இல்லை. நீள வயருக்கு நம்பலாம், குட்டை வயருக்கு வேண்டாம்.

வயரில் மாட்டி நடுவில் அழுத்திப் பார்க்கும் கிளாம்ப் மீட்டர் வேகமானது. ஆனால் அந்த வயரின் தடிமனுக்கும் இழை அமைப்புக்கும் அளவுதிருத்தம் செய்த மீட்டராக இருக்க வேண்டும். மெல்லிய வயருக்குத்தான் நான் எடுப்பேன்.

துல்லியத்தில் டைனமோமீட்டரை எதுவும் மிஞ்சாது. டர்ன்பக்கிளுக்கு, அதாவது வயரை இறுக்கித் தளர்த்தும் திருகுக்கு, மேலே வயர் கிரிப்பைப் பூட்டி, நெம்புகோலால் இழுக்கும் லீவர் ஹாய்ஸ்டுடன் டைனமோமீட்டரைத் தொடராகக் கோத்து ஆங்கருக்கு இழுக்க வேண்டும். பாரம் முழுக்கக் கருவிக்கு மாறி, டர்ன்பக்கிள் இறுக்கம் விட்டுக் கையால் அசையத் தொடங்கும் கணத்தில் முள் காட்டுவதே இழுவிசை. அதற்கு மேல் ஒரு இழுப்பு இழுத்தால் நீங்களே ஏற்றிய பாரத்தைத்தான் படிப்பீர்கள். ஆனால், கிரிப் நழுவினால் ஆள் தப்புவது கடினம். ஒன்பது வயர் உள்ள டவரில் ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்வது தேவையில்லாத ஆபத்து என்பது என் உறுதியான கருத்து. பயிற்சி இல்லாதவர் கையில் இதைக் கொடுக்கவே கூடாது.

எந்த முறையானாலும் காற்று அடங்கிய நேரத்தில் அளவெடுங்கள். காற்றில் ஒரு பக்கம் இறுகும், எதிர்ப்பக்கம் தளரும். ஒரே மட்டத்து வயர்களை ஒரே மூச்சில் அளந்து, அப்போதைய வெப்பநிலையையும் எழுதிவையுங்கள். ஒரு வயர் மட்டும் குறைகிறது என்றால் அதை மட்டும் இறுக்கிவிட்டு வராதீர்கள். டவர் அந்தப் பக்கம் வளைந்துவிடும். டவரின் செங்குத்தைத் தியோடலைட் என்ற கோணமளக்கும் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே அந்த மட்டத்து வயர்கள் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்ய வேண்டும். அப்புறம், டர்ன்பக்கிளில் கழற்றிய சேஃப்டி வயரைத் திரும்பக் கோத்துவிட்டுத்தான் அங்கிருந்து நகர வேண்டும். அது இல்லாவிட்டால் காற்றின் அதிர்வில் திருகு மெல்லக் கழன்றுகொண்டே போகும்.