நாலு வருஷம், 62,000 கிலோமீட்டர்: பிஎஸ்6 டீசலோடு குடித்தனம்

முன்பு வைத்திருந்த பிஎஸ்4 டீசல் வண்டியை ஒன்பது வருஷம் ஓட்டினேன். ஆயில் மாற்றியதைத் தவிர இன்ஜினுக்கு நான் எதுவும் செய்ததில்லை. அந்த நம்பிக்கையில்தான் 2021-ல், புகை மாசுக்கான புதிய, கடுமையான விதிப்படி வந்த பிஎஸ்6 டீசல் எஸ்யூவி எடுத்தேன். கோயம்புத்தூருக்குள் தினமும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஆபீஸ்; மொத்தம் ஆறு கிலோமீட்டர். ஷோரூமில் என் ஓட்டம் எவ்வளவு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஏழாவது மாசம் டிபிஎஃப் விளக்கு எரிந்தது.

டிபிஎஃப் என்பது புகைக்குழாயில் இருக்கும் கரி வடிகட்டி. பிஎஸ்4-ல் டீசல் கார் கிலோமீட்டருக்கு 0.025 கிராம் துகள் வரை விடலாம், பிஎஸ்6-ல் 0.0045 கிராம்தான். மிச்சக் கரி இந்த வடிகட்டியில் தங்குகிறது. அது நிறைந்ததும் வண்டி தானாகவே கூடுதல் டீசலைப் பீய்ச்சி, சுமார் 600 டிகிரிக்குச் சூடேற்றி, கரியை எரித்துவிடும். அதற்குக் கால் மணி நேரமாவது நிற்காமல் ஓட வேண்டும். நானோ பத்து நிமிஷத்தில் சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறேன். பாதி எரிந்தும் எரியாமலும் எத்தனை தடவை விட்டேனோ!

அடுத்த சர்வீஸில் இன்னொரு அதிர்ச்சி. டிப்ஸ்டிக்கில் ஆயில் குறையவில்லை, கூடியிருந்தது. எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலந்திருக்கிறது. பழைய வண்டியில் ஆயில் குறைந்தால்தான் பயம். இதில் ஏறினாலும் பயம். 10,000-க்கு ஒருமுறை என்றிருந்த ஆயிலை இப்போது 7,000-லேயே மாற்றுகிறேன், சாம்பல் குறைவாக விடும் சி3 ரகம் மட்டும்.

தெரிந்த மெக்கானிக் ஒருவர், "அந்த டிபிஎஃப் டப்பாவைக் கழட்டி எறிஞ்சிடலாங்க சார், வண்டி பறக்கும்" என்றார். பறக்கும்தான். சட்டப்படி தப்பு, வாரண்டியும் போகும். அதைவிட, என் பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவர் எதற்கு என் கரியைக் குடிக்க வேண்டும்?

மாற்றிக்கொண்டது என் ஓட்டத்தைத்தான். பள்ளிக்கூடத்துக்கு இப்போது ஸ்கூட்டர். ஞாயிறு காலையில் அவிநாசி சாலையில் ஏறி நீலாம்பூர் தாண்டிச் செங்கப்பள்ளி வரை போய்த் திரும்புகிறேன். டீ குடிக்க இவ்வளவு தூரமா என்று வீட்டில் கேட்டார்கள்; இப்போது அவர்களும் கிளம்பிவிடுகிறார்கள். நின்ற இடத்தில் ஐடில் ஆர்பிஎம் ஏறியிருந்தால், மைலேஜ் திடீரென்று இறங்கினால், அணைத்த பிறகும் ஃபேன் சுற்றினால் வடிகட்டியில் கரி எரிப்பு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். அப்போது வீட்டு வாசலைத் தாண்டி இன்னொரு சுற்று போய்விட்டு வருவேன்.

புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடு நச்சைக் குறைக்கத் தனித் தொட்டியில் ஊற்றும் யூரியாத் தண்ணி பற்றிப் பலர் பயமுறுத்தினார்கள். எனக்கு அதில் ஒரு தொல்லையும் இல்லை. அளவு குறைகிறது என்று சொன்னதும் ஊற்றினால் போதும். அடியோடு தீர விட்டால் மட்டும் அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாது.

மச்சான் போன வாரம் டீசல் எடுக்கலாமா என்று கேட்டார். அவர் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நாலு கிலோமீட்டர். பெட்ரோல் எடுங்க என்றேன். மாசம் இரண்டு தடவை சென்னை போய்வரும் என் நண்பனிடமும் இதே மாடல்தான் இருக்கிறது. அந்த விளக்கு டேஷ்போர்டில் எங்கே இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது.

எனது டிபிஎஃப் இன்னும் பழையதுதான், மாற்றவில்லை. வாரண்டி அடுத்த மாசம் முடிகிறது.