நோட்டா, கார்டா, ஏடிஎம்மா? வெளிநாட்டுப் பயணத்தில் எது உங்கள் பணத்தைக் குறைவாகத் தின்னும்?

வெளிநாட்டுக்குப் பணத்தை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கையில் நோட்டு இருந்தால்தான் நிம்மதி என்பார் ஒருவர், கார்டு போதுமே என்பார் இன்னொருவர். கட்டணம் என்று வெளிப்படையாக எழுதியிருப்பதைவிட, மாற்று விகிதத்துக்குள் ஒளிந்திருக்கும் செலவுதான் பெரும்பாலும் பெரியது. எல்லா வழிகளையும் அந்த உரைகல்லில்தான் தேய்த்துப் பார்க்க வேண்டும்.

நாணய மாற்று கவுன்டரில் 'கமிஷன் இல்லை' என்ற பலகை பளிச்சென்று தொங்கும். அதை விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் பாருங்கள். ஒரு நாணயத்தை 90க்கு வாங்கி 100க்கு விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடு விலை 95. நீங்கள் வாங்கும்போது 5 கூடுதலாகக் கொடுக்கிறீர்கள், மிச்சத்தைத் திருப்பித் தரும்போது 5 குறைத்துப் பெறுகிறீர்கள். இதற்குமேல் கமிஷன் எதற்கு? விமான நிலையத்தில் இந்த இடைவெளி மிக அகலம், வந்து இறங்கியவருக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். நகரத்துக்குள் நாலைந்து கடைகள் அடுத்தடுத்து இருக்கும் தெருவில் அது தானாகவே சுருங்கிவிடும்.

ஆனால் நோட்டு இல்லாமல் முடியாத இடங்களும் உண்டு. ஈரானில் விசா, மாஸ்டர்கார்டு ஆகிய இரு நிறுவனங்களின் கார்டுகளும் வேலை செய்யாது. 2022 மார்ச்சில் இரு நிறுவனங்களும் ரஷ்யாவில் சேவையை நிறுத்திய பிறகு, வெளிநாட்டில் வழங்கப்பட்ட அவற்றின் கார்டுகள் அங்கேயும் பயன்படாது. டாலர் கொண்டுபோனால் நோட்டின் நிலையைக் கவனியுங்கள். பேனாக் கிறுக்கல், சிறு கிழிசல், முத்திரை எதுவானாலும் பல நாட்டு கவுன்டர்களில் தள்ளிவிடுவார்கள். உருவப்படம் சிறிதாக இருக்கும் பழைய 100 டாலர் நோட்டுக்கும் அதே கதிதான். அமெரிக்காவில் அது செல்லும் என்று வாதாடிப் பயனில்லை. பெருந்தொகை என்றால் சுங்கமும் இருக்கிறது: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 10,000 யூரோவோ அதற்கு மேலோ, அமெரிக்காவுக்குள் 10,000 டாலருக்கு மேலோ கொண்டுசென்றால் எழுதிக் கொடுக்க வேண்டும். கொண்டுசெல்வது குற்றமல்ல, மறைப்பதுதான் குற்றம்.

ஏடிஎம்மில் கிடைப்பது பொதுவாக கார்டு நிறுவனத்தின் விகிதம், நடு விலைக்கு மிக அருகில் இருக்கும். அதன் தொல்லை வேறு: அந்த ஊர் வங்கியும் உங்கள் வங்கியும் ஆளுக்கொரு கட்டணம் பிடிக்கலாம். இரண்டும் சேர்ந்து 5 என்றால், 50 எடுப்பவருக்கு 10 சதவீதம் போய்விட்டது, 500 எடுப்பவருக்கு 1 சதவீதம்தான். அடிக்கடி சிறிதாக எடுப்பவர்தான் அதிகம் இழக்கிறார்.

அதைவிடப் பெரிய கண்ணி திரையில் வருகிறது. 'உங்கள் சொந்த நாணயத்திலேயே கணக்கிடலாமா?' என்று இயந்திரம் பணிவாகக் கேட்கும். தெரிந்த நாணயத்தில் தொகையைப் பார்த்ததும் மனம் ஆறுதலடையும், விரல் தானாக 'ஏற்கிறேன்' பக்கம் போகும். அந்த விகிதத்தை வைப்பது உங்கள் வங்கி அல்ல, இயந்திரத்துக்குப் பின்னால் இருப்பவர்கள். 'வேண்டாம்' என்று அழுத்தினால் பணம் வராதோ என்று பலர் பயப்படுகிறார்கள். வரும், அந்த நாட்டு நாணயக் கணக்கில் வரும். கடைகளில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்விதான், இதே பதில்தான். 2020 ஏப்ரல் முதல் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, இந்த மாற்றத்துக்கான கூடுதல் செலவை ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தோடு ஒப்பிட்டுச் சதவீதமாகக் காட்ட வேண்டும். அந்த எண்ணைப் பார்த்த பிறகும் ஏற்பவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

கிரெடிட் கார்டு கடைக்கும் ஓட்டலுக்கும் நல்லது, வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் இல்லாததாக இருந்தால் இன்னும் நல்லது. அதைக்கொண்டு ஏடிஎம்மில் பணம் எடுக்காதீர்கள். வட்டி பெரும்பாலும் அன்றைக்கே ஓடத் தொடங்கும்.

முன்கூட்டியே பணம் ஏற்றும் பயணக் கார்டை விற்பவர்கள் 'விகிதம் மாறாது' என்பார்கள். உண்மைதான், ஆனால் இறங்கினாலும் மாறாது. யூரோ ஏற்றிய கார்டை சுவிட்சர்லாந்தின் ஜூரிக்கில் நீட்டினால் அந்நாட்டு பிராங்குக்காக மறுபடி ஒரு மாற்றம், மறுபடி ஒரு கட்டணம். வாடகைக் கார்க்காரர்கள் முன்பணமாக நிறுத்திவைக்கும் தொகையும் அதில் நாள்கணக்கில் முடங்கிக்கிடக்கும். ஒரே நாணயம், கறாரான பட்ஜெட் என்றால் மட்டும் எடுக்கலாம். 1891இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கொண்டுவந்த பயணக் காசோலையை இன்று மாற்றித் தரும் கவுன்டரைத் தேடுவதே தனிப் பயணமாகிவிடும்.

என் தேர்வு: பெரிய செலவுக்குக் கிரெடிட் கார்டு, கைச்செலவுக்கு டெபிட் கார்டால் ஏடிஎம்மில் ஒரே தடவையில் எடுத்த தொகை, ஆபத்துக்குச் சில புது டாலர் நோட்டுகள். இரண்டு கார்டுகளும் வெவ்வேறு நிறுவனத்தினுடையவையாக, வெவ்வேறு பையில் இருக்கட்டும்.

மிச்சப் பணத்தில் நாணயங்களை எந்தக் கவுன்டரும் அநேகமாக வாங்காது, முதலில் அவற்றைச் செலவழியுங்கள். துனிசியா தன் தினாரை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக விடுவதில்லை. அப்படிப்பட்ட நாடுகளில் பணம் மாற்றியபோது தந்த ரசீதைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், திருப்பி மாற்றும்போது அதைத்தான் கேட்பார்கள்.