வீட்டு விரிசலுக்கு மண் பொறியாளரிடம் கருத்து கேட்டோம்

ஜன்னல் மூலையில் தொடங்கி, படிக்கட்டு போலச் சாய்ந்து ஏறிய விரிசல். மேலே போகப் போக அகலம். மூன்று தடவை பூசினோம், மூன்று தடவையும் அதே இடத்தில் பிளந்தது. கடைசியாகப் பார்த்த ஒப்பந்தக்காரர், அஸ்திவாரத்துக்கு அடியில் பைல் (ஆழமாக இறக்கும் தூண்) இறக்கியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதற்குச் சம்மதிக்கும் முன் மண் பொறியாளர் ஒருவரை வரவழைத்தோம். நல்லவேளை!

வந்தவர் முதலில் கேட்டது, "இது எந்த மாதத்தில் அதிகமாக விரிகிறது?" என்றுதான். கோடையில் விரல் நுனி நுழையும், மழைக்குப் பிறகு ஒடுங்கிவிடும் என்றேன். உடனே வெளியே போய், அந்த மூலைக்கும் வெளியே நிற்கும் மரத்துக்கும் இடையே டேப் பிடித்தார். நான்கு மீட்டர்தான்.

அப்புறம் மண்ணில் துளை போட்டார்கள். 63.5 கிலோ சம்மட்டியை 76 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, துளைக்குள் வைத்த குழாய் கடைசி 30 செ.மீ. மண்ணில் இறங்க எத்தனை முறை விழுகிறது என்று எண்ணுவார்கள். எங்களுக்கு 14. எடை தாங்க முடியாத மண் இல்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

என்னை நம்பவைத்தது ஆய்வகத்தில் பார்த்த இரண்டு அளவுக் குடுவைகள். இரண்டிலும் 10 கிராம் மண்தூள்; ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். மறுநாள் மண்ணெண்ணெயில் இருந்தது 10 மில்லியிலேயே கிடந்தது, தண்ணீரில் இருந்தது 17-க்கு உப்பியிருந்தது. ஈரம் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் களிமண். கோடையில் மரம் ஈரத்தை உறிஞ்ச, அந்த மூலை மட்டும் இறங்குகிறது.

சரி, மரத்தை வெட்டிவிடலாமா என்றேன். அவசரப்பட வேண்டாம், வெட்டினால் மண் மறுபடி ஈரமேறி உப்பி மூலையை மேலே தூக்கக்கூடும் என்றார். இதை வேறு யாருமே எங்களிடம் சொன்னதில்லை. பைல் இப்போதைக்குத் தேவையில்லை, ஒரு வருடம் விரிசலை அளந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று அறிக்கையிலும் எழுதித் தந்தார்.

குறை என்றால், அறிக்கை கைக்கு வர மூன்று வாரம் ஆனது. துளைப் பதிவுத் தாள் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. போனில் கேட்ட பிறகுதான் வரி வரியாக விளக்கினார். புகைப்படத்தை மட்டும் பார்த்துக் கருத்து சொல்கிறவர்களும் உண்டு. எங்கள் வீட்டுக் காரணமோ மண்ணைத் தோண்டிப் பார்க்காமல் பிடிபட்டிருக்காது.

விரிசலின் இரு பக்கமும் பென்சில் கோடு போட்டு மாதாமாதம் அளக்கிறோம். இதுவரை எட்டு தேதிகள் எழுதியாகிவிட்டது. பூச்சு வேலையை இன்னும் தொடவில்லை.