செவனிங்கா, ஃபுல்பிரைட்டா: சம்பளச் சீட்டு இல்லாத ஜூனியரின் கணக்கு

சட்ட முதுகலை படிக்க வெளிநாடு செல்ல விரும்பும் இந்திய வழக்கறிஞர்கள் பலரும் முதலில் எடைபோடுவது பிரிட்டன் அரசின் செவனிங், அமெரிக்காவின் ஃபுல்பிரைட்-நேரு ஆகிய இரண்டு உதவித்தொகைகளையே. நான் செவனிங்கில் சென்று வந்தவன் என்பதால், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்விக் கட்டணம், விமானச் செலவு, மாதாந்தரத் தொகை ஆகியவற்றை இரண்டுமே தருவதால் பணத்தைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடில்லை.

வேறுபாடு, பணி அனுபவத்தை அளக்கும் முறையில்தான் இருக்கிறது. ஃபுல்பிரைட்-நேரு முதுகலை நல்கை மூன்றாண்டு முழுநேர, ஊதியத்துடன் கூடிய அனுபவத்தைக் கேட்கிறது. செவனிங் கேட்பதோ 2,800 மணி நேரம். ஆண்டுக்கு 40 வாரம், வாரத்துக்கு 35 மணி நேரம் என்று வைத்தால் இரண்டாண்டு. பகுதிநேரப் பணியும் ஊதியமில்லாத பணியும் அதில் சேரும். பட்டப்படிப்பின் கட்டாய அங்கமாகச் செய்த பயிற்சி சேராது. சீனியரிடம் சேர்ந்த முதல் ஆண்டுகளில் பேருந்துச் செலவுக்கு மேல் எதுவும் மிஞ்சாது என்பதை நம் நீதிமன்ற வளாகங்களில் அறியாதவர் இல்லை. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய் தர வேண்டும் என்று தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்பியதே 2024இல்தான். மதுரையில் நான் ஜூனியராக இருந்த காலம் முழுவதும் சம்பளச் சீட்டு என்ற ஒன்றைப் பார்த்ததில்லை. வாய்தா குறித்து வைத்த பழைய டைரிகளைப் புரட்டி, நீதிமன்றத்தில் நின்ற நாட்களையும் சட்ட உதவி மையத்தில் சம்பளமின்றி அமர்ந்த சனிக்கிழமைகளையும் மணிக்கணக்காக்கிக் கூட்டியபோதுதான், அந்த உழைப்பை ஒருவர் எண்ணிக்கையில் எடுத்துக்கொள்கிறார் என்ற நிறைவு வந்தது.

படித்து முடித்ததும் இரண்டாண்டு தாயகத்தில் இருக்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. செவனிங்கில் அது உதவித்தொகையின் நிபந்தனை. ஃபுல்பிரைட்டில் ஜே-1 எனும் பரிமாற்றத் திட்ட விசாவோடு வரும் சட்டக் கட்டுப்பாடு, அதை நிறைவேற்றாமல் எச், எல் வகைப் பணி விசாக்களோ நிரந்தர வசிப்புரிமையோ கிடைக்காது. மீண்டும் இங்கேயே வழக்காட வருபவருக்கு இதனால் இழப்பு ஒன்றுமில்லை.

அமெரிக்கப் பக்கத்தை நான் விதிகளைப் படித்த அளவில்தான் அறிவேன். சட்ட நிறுவனத்தில் மாதச் சம்பளத்தில் மூன்றாண்டைக் கடந்தவருக்கு, அதிலும் சர்வதேசச் சட்டம் பயில விரும்புபவருக்கு, என் டைரிக் கணக்கு தேவைப்படாது. அவர் ஃபுல்பிரைட்டுக்குத் தயங்காமல் விண்ணப்பிக்கலாம்.