தாடை மூட்டு வலிக்கு பிசியோதெரபி: எதற்குக் காசு கொடுக்கலாம்?

முறுக்கைக் கடித்தால் காதுக்கு முன்னால் சுரீர் என்கிறது, கொட்டாவி விட்டால் ‘டக்’ என்று சத்தம் வருகிறது என்று போகிறவர்களுக்கு பிசியோதெரபி பெரும்பாலும் நன்றாகவே கைகொடுக்கும். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே தரம் கிடைப்பதில்லை. வாய் எவ்வளவு திறக்கிறது என்று முதல் நாளே ஸ்கேல் வைத்து அளக்கிறார்களா, பாருங்கள். மேல், கீழ் முன்பற்களின் விளிம்புகளுக்கு நடுவே 40 மில்லிமீட்டராவது வேண்டும். அவரவர் விரல் மூன்று நுழைகிற அளவு. தாடை நேராக இறங்குகிறதா, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறதா என்பதையும் குறித்துவைக்க வேண்டும். இது இல்லாவிட்டால் நாலு வாரம் கழித்து எதை வைத்து முன்னேற்றம் என்பது?

கொடுக்கிற காசு நியாயமாகப்படுவது வாய்க்குள் கைவைத்துச் செய்யும் சிகிச்சைக்குத்தான். கிளவுஸ் போட்ட கட்டைவிரலை வலிக்கிற பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப் பற்கள்மேல் வைத்து, மற்ற விரல்களால் தாடை எலும்பை வெளியே பிடித்தபடி மெதுவாகக் கீழே அழுத்துவார்கள். இன்னொரு கையின் விரல் காதுக்கு முன்னால் மூட்டின்மேலேயே இருக்கும். மூட்டு இளகிக் கொடுப்பது அந்த விரலுக்குத்தான் தெரியும். கன்னத்தின் உட்புறமாக விரலை விட்டு, மெல்லும் தசையில் இறுகிக் கிடக்கும் முடிச்சை அழுத்திப் பிடிப்பதும் உண்டு. வலிக்கும், தாங்கிக்கொள்ளலாம். வெடுக்கென்று இழுப்பவரிடம் மறுபடி போகாதீர்கள். தசை பயந்து இன்னும் இறுகிக்கொள்ளும்.

அடுத்து வீட்டுப் பயிற்சி. சிலி நாட்டு பிசியோதெரபிஸ்ட் மரியானோ ரோக்கபாடோ வகுத்த முறையில் 6 பயிற்சிகள், ஒவ்வொன்றும் 6 தடவை, நாளுக்கு 6 வேளை. அதில் ஒன்றைப் பலரும் தப்பாகச் செய்கிறார்கள். ‘ன்’ என்னும்போது நாக்கு நுனி தொடுகிற மேட்டில் அதை வைத்து, எடுக்காமல் வாயைத் திறக்க வேண்டும். ‘ந்த’ என்றால் நாக்கு பல்லைத் தொடுமே, அந்த இடம் அல்ல. நாக்கு மேலே இருக்கும்வரை மூட்டு இருந்த இடத்திலேயே சுழலும், முன்னால் நழுவாது. இன்னும் திறக்க ஆசைப்பட்டு நாக்கை விட்டால் பயிற்சி போச்சு. கண்ணாடி முன் செய்யச் சொல்வதும் இதற்காகத்தான். மற்ற நேரத்தில் உதடு மூடியிருக்கட்டும், பல்லோடு பல் படக்கூடாது.

பத்து நிமிடம் மெஷின் மட்டும் வைத்து அனுப்பும் இடங்களுக்குப் போக வேண்டியதில்லை. நாள்பட்ட தாடை மூட்டு வலிக்காக 2023-ல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதல், கையால் செய்யும் சிகிச்சையையும் மேற்பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சியையும் உறுதியாகப் பரிந்துரைத்தது. லேசர் மெஷினும், தோல்மேல் லேசான மின்சாரம் பாய்ச்சும் டென்ஸ் மெஷினும் அதில் தவிர்க்கலாம் என்ற பட்டியலில்தான் வந்தன. சூடு வேண்டுமானால் வீட்டில் வெந்நீர் ஒத்தடம் போதும்.

நெஞ்சு இறுக்கம், வியர்வையோடு தாடை வலித்தால் உடனே ஆஸ்பத்திரி. 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் என்றால் அன்றைக்கே டாக்டர். பல் சீழையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

வலியும் இல்லை, வாயும் நன்றாகத் திறக்கிறது, ‘டக்’ சத்தம் மட்டும் மிச்சம் என்றால் அதற்குச் சிகிச்சை தேவையில்லை. அந்தச் சத்தத்தை நிறுத்தித் தருகிறேன் என்று கூடுதல் சிட்டிங் போடச் சொன்னால் பணம் கட்டாதீர்கள்.