எவ்ரிவனுக்குப் பின்னால் ஹிஸ்ஸா, ஹிஸ் ஆர் ஹெர்ரா, தேரா?

எஸ்.பி.எம். (மலேசியாவில் ஐந்தாம் படிவத்தில் வரும் பொதுத்தேர்வு) எழுதும் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுப்பதால், ‘எவ்ரிவன்’, ‘சம்வன்’, ‘எனிவன்’ வந்தால் அடுத்து என்ன போடுவது என்று ஒரு முடிவு எடுத்தே ஆகவேண்டியிருந்தது. நான் ‘தேர்’ (their) கட்சி. எங்கள் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் சரிப்பட்டு வருகிறது.

‘ஹிஸ்’ பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. சட்டத்தில் ‘ஹி’ என்றால் பெண்ணும் அதில் அடக்கம் என்று 1850-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே எழுதிவைத்தது. அதெல்லாம் சரி, பெண்பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் ‘எவ்ரிவன் மஸ்ட் பிரிங் ஹிஸ் புக்’ என்று எழுதிப் பாருங்கள், சிரித்துவிடுவார்கள்.

‘ஹிஸ் ஆர் ஹெர்’ நியாயமானதுதான், ஒரே வாக்கியத்தோடு முடிந்தால் நானும் குறை சொல்லமாட்டேன். ஆனால் தொடங்கிவிட்டால் பத்தி முழுக்க அதையே இழுத்துக்கொண்டு போகவேண்டுமே! கோயில் அன்னதான அறிவிப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ‘இஃப் எனிவன் லூசஸ் ஹிஸ் ஆர் ஹெர் கூப்பன், ஹி ஆர் ஷி மஸ்ட் இன்ஃபார்ம் ஹிஸ் ஆர் ஹெர் குரூப் லீடர்.’ படிக்கும்போதே மூச்சு வாங்குகிறது. 17 சொல். ‘தேர்’, ‘தே’ போட்டால் 11-இல் முடிகிறது. எஸ்.பி.எம். ஆங்கில எழுத்துத் தாளில் முதல் கேள்வியாக வரும் மின்னஞ்சலே சுமார் 80 சொல்தான், அதில் ஆறு சொல்லை இப்படி வீணாக்க யாருக்கு மனசு வரும்? அதோடு, அடுத்த வரிக்குப் போனதும் பிள்ளைகள் ‘ஆர் ஷி’யை மறந்து வெறும் ‘ஹி’க்குத் தாவிவிடுகிறார்கள். மலாயில் எல்லாருக்கும் ஒரே ‘டியா’ என்று பேசிப் பழகியவர்கள், ஹி, ஷி என்றாலே ஏற்கெனவே தடுமாற்றம்.

‘தேர்’ புதுசும் இல்லை, 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஒருமைக்குப் புழங்குகிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்துநடைக் கையேடு 2019-இல் வந்த ஏழாம் பதிப்பில் அதை ஏற்றுக்கொண்டது. இதிலும் ஒரு வம்பு உண்டு. ‘தேர்’ வருகிறதே என்று வினையையும் பன்மையாக்கி ‘எவ்ரிவன் ஹேவ்’ என்று எழுதிவிடுவார்கள். ‘எவ்ரிவன் ஹேஸ் பிராட் தேர் புக்’ என்பதுதான் சரி. ‘எவ்ரிவன்’ பக்கத்தில் வரும் வினை எப்போதும் ஒருமை, ‘தே’ பக்கத்தில் வருவது பன்மை. இதைச் சொல்லிச் சொல்லித்தான் வாய் வலிக்கிறது.

வக்கீல் கடிதம், அரசாங்க விண்ணப்பம் போன்றவற்றில் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கேயும் சரி, ‘தேர்’ஐக் கண்டாலே சிவப்பு மையில் சுழிக்கிற டீச்சரிடமும் சரி, ‘ஆல் ஸ்டூடன்ட்ஸ்’ என்று பன்மையிலேயே தொடங்கச் சொல்கிறேன். பிறகு ‘தேர்’ போட்டால் யாரும் வாய் திறக்கமுடியாது.