ஷோவா ஃபவுண்டேஷன் காப்பகம்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பின்

யூத இன அழிப்பிலிருந்து தப்பியவர்களும் சாட்சிகளும் தந்த 50,000-க்கும் மேற்பட்ட வீடியோ வாக்குமூலங்கள் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இந்தக் காப்பகத்தில் இருக்கின்றன. இலவசக் கணக்கில் ஒரு பகுதிதான் ஓடும். மற்றவற்றுக்கு அனுமதி பெற்ற பல்கலைக்கழகத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ போக வேண்டும். தேடுவதற்குத் தடையில்லை என்பதால் வேண்டிய நேர்காணல் எண்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டு போங்கள்.

இதன் பெரிய பலம் நிமிடவாரிக் குறியீடு. ஒவ்வொரு வாக்குமூலத்தையும் ஒரு நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, குறிச்சொல் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் எல்லாத் துண்டுக்கும் குறிச்சொல் இருக்காது. தேடல் காட்டும் இடத்துக்கு நாலைந்து நிமிடம் முன்னாலிருந்தே கேளுங்கள். யாரைப் பற்றிய பேச்சு என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஊர்ப்பெயர்தான் பெரிய தலைவலி. லெம்பெர்க், லுவூவ், லிவிவ் மூன்றும் ஒரே நகரம். கையால் தட்டுவதைவிடப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பது நல்லது. ஆள் பெயருக்கும் இதே பாடுதான். பதிவின் தொடக்கத்தில் அவர்களே தங்கள் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்வார்கள். அந்த வடிவத்தைக் குறித்துவைத்தால் மற்ற காப்பகங்களிலும் உதவும்.

பிறந்த ஆண்டு போன்ற விவரங்கள் நேர்காணலுக்கு முன் நிரப்பிய வினாப்படிவத்திலிருந்து வந்தவை. அவை பேச்சோடு ஒத்துப்போகாவிட்டால் உடனே பிழை என்று தள்ளிவிடாதீர்கள். நாஜி முகாமில் வேலைக்குத் தேறி உயிர் பிழைப்பதற்காக வயதைக் கூட்டிச் சொன்ன சிறுவர்கள் பலர்.

பழைய பதிவுகள் பீட்டாகேம் என்ற அரைமணி நேர வீடியோ டேப்புகளில் எடுத்தவை. டேப் தீரும் இடத்தில் பேச்சு அறுந்துபோகும். அடுத்த டேப்பில் கேள்வியே மாறிவிடுவதும் உண்டு. 2,35,000 டேப்புகளை 2008 முதல் 2012 வரை டிஜிட்டலாக்கினார்கள். காந்த நாடா நாளாக ஆகத் தேயும் என்பதால் இது தள்ளிப்போடக்கூடிய வேலையில்லை. கடைசி டேப்பைப் பலரும் தவறவிடுகிறார்கள். குடும்பப் புகைப்படங்களையும் ஆவணங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டி, யார், எந்த ஊர், எந்த வருடம் என்று சொல்வது அதில்தான்.

புதிதாகத் தொடங்குபவர்கள் உளவியலாளர் டேவிட் போடர் 1946-இல் தப்பியவர்களிடம் கம்பி ஒலிப்பதிவுக் கருவியில் எடுத்த பேட்டிகளைக் கேட்கலாம். எழுத்து வடிவத்தோடு இலினாய் தொழில்நுட்பக் கழகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. போர் முடிந்த மறுவருடத்துப் பேச்சு என்பதால் பின்னால் படித்ததும் கேட்டதும் அதிகம் கலக்கவில்லை. யேல் பல்கலைக்கழகத்தின் ஃபோர்ட்டுனாஃப் காப்பகத்தில் 4,400-க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள் உள்ளன. அங்கே பேசுபவர் போக்கிலேயே விட்டிருப்பதால் கேட்கப் பொறுமை வேண்டும், ஆனால் கிடைப்பது அதிகம். பட்டியலில் குடும்பப் பெயருக்கு முதலெழுத்து மட்டுமே இருந்தால் எழுதும்போது நீங்களும் அப்படியே விடுங்கள். மேற்கோளுக்கு நேர்காணல் எண், டேப் எண், நிமிடம் மூன்றும் வேண்டும்.